கயிற்றை விட்டுப் பாட்டைப் பிடித்தவர்

உலகத்தில் பிறந்த எல்லோரும் முன்னேறத்தான் பாடுபடுகிறார்கள். மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த மாரிஸ் சவரிமுத்து மட்டும் பின்னால் போவதற்குப் பாடுபட்டார். அதற்காகக் கோப்பையும் வாங்கினார்.

அவருடைய விளையாட்டு கயிறு இழுப்பது. எழுபதுகளில் ரயில்வே கயிறு இழுக்கும் குழுவின் கடைசி ஆள் அவர்தான். மற்ற ஏழு பேரும் கயிற்றைக் கையால் பிடிப்பார்கள். கடைசி ஆள் அதைத் தோளில் மாலைபோலப் போட்டு, இடுப்பில் சுற்றி, குதிகாலை மண்ணில் புதைத்து, வானத்தைப் பார்த்தபடி சாய்ந்துகொள்வார். ஓட்டப்பந்தயக்காரனுக்குத் தான் எங்கே போகிறோம் என்று தெரியும். கயிற்றில் கடைசி ஆளுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் நிற்கும் ஏழு முதுகுகளும் கொஞ்சம் மேகமும்தான். இப்படிப்பட்ட விளையாட்டுக்குப் பொறுமை வேண்டும், எடை வேண்டும். மாரிஸிடம் இரண்டும் தாராளமாக இருந்தன.

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அதுதான் குரல்.

சாதாரணக் குரல் தொண்டையிலிருந்து வரும். மாரிஸின் குரல் எங்கிருந்து வந்தது என்பது மருத்துவர்களுக்கே விளங்கவில்லை. காலையில் அவர் குளியலறையில் ஒரு ராகத்தை இழுத்தால், எதிரே ஸ்டேஷனில் காத்திருப்பவர்கள் ரயில் வருகிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொள்வார்கள். அவரோ தன் குரலைக் கடவுள் கொடுத்த வரம் என்று நம்பினார். கொடுத்தவருக்கே அதைத் திருப்பிச் செலுத்துவதற்காக, மாதா கோயில் பாடகர் குழுவில் மூன்றாவது வரிசையில் நின்றார்.

அந்த மூன்றாவது வரிசைக்கு அவர் வாழ்க்கையில் ஒரு தனி மரியாதை உண்டு. அங்கே நின்றுதான் முதல் வரிசை டொரத்தியை முதன்முதலில் பார்த்தார். அதாவது அவளுடைய பின்னலைப் பார்த்தார். பின்னலைப் பார்த்தே இரண்டு வருஷம் பாடி, பிறகு முகத்தையும் பார்த்து, கல்யாணமும் செய்துகொண்டார்.

இடி 1975-ல் விழுந்தது. பழைய கொயர் மாஸ்டர் கிரிகரி ஓய்வு பெற்றார். பள்ளிக்கூட டீச்சரான டொரத்தி பொறுப்புக்கு வந்தாள். முதல் வியாழக்கிழமைப் பயிற்சியில் முதல் பாட்டின் இரண்டாவது வரியிலேயே கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"என்னங்க, நீங்க கொஞ்சம் கதவுப் பக்கம் போய் நில்லுங்க."

மாரிஸ் போய் நின்றார். மறுபடி பாடினார்கள்.

"இன்னும் கொஞ்சம். கேட் பக்கம்."

கேட்டுக்குப் போனார். மறுபடி பாடினார்கள்.

"ரோட்டைத் தாண்டி, அந்த செண்டோல் கடைகிட்ட."

சாலையைக் கடந்து, ஐஸ் போட்ட தேங்காய்ப்பால் விற்கும் செண்டோல்காரருக்குப் பக்கத்தில் நின்று, போகிற வருகிற பஸ்களுக்கு நடுவே மாரிஸ் ஆண்டவரைப் புகழ்ந்தார். உள்ளே டொரத்தியின் முகம் மலர்ந்தது.

"ஆ! இப்பதான் மத்தவங்க குரல் கேக்குது."

ஞாயிறு பூசையில் செண்டோல் கடையிலிருந்து பாட முடியாது என்பதால், அன்றைக்கே அவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் மேல்முறையீடு செய்தார்.

"நான் உன் புருஷன் டொரத்தி."

"வீட்டுலதான் நீங்க புருஷன். அங்க நீங்க வெறும் பேஸ் குரல்." சோற்றைப் போட்டாள். "என்கிட்ட பதினாறு பேர் இருக்காங்க. நீங்க பாடினா ஒருத்தர்தான் இருக்கார்."

தீர்ப்பில் ஓட்டை இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் ஜனங்களோடு ஜனமாகப் பெஞ்சில் உட்கார்ந்து, மனைவியின் கை மேலே போவதையும், அந்தக் கைக்கு வேறு பதினாறு பேர் கட்டுப்படுவதையும் பார்ப்பது மாரிஸுக்கு முள்ளாகக் குத்தியது. மீண்டும் அந்த வரிசையில் நிற்க வேண்டும், அந்தக் கையைப் பார்த்து வாயைத் திறக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அது கிடைக்காத ஒரே காரணத்தால்தான் அவர் பஞ்சாபிப் பாட்டில் புகழ்பெற நேர்ந்தது.

கயிற்றுக் குழுவில் எட்டுப் பேரில் ஆறு பேர் பஞ்சாபிகள். கேப்டன் குர்தயாள் சிங் பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்தவர். தமிழைத் தமிழர்களைவிடச் சத்தமாக, மலேசியப் பாணியில் கடைசியில் ஒரு 'லா' சேர்த்துப் பேசுவார். எட்டுப் பேரும் ஒரே நொடியில் இழுக்க வேண்டுமென்றால் யாராவது தாளம் கொடுக்க வேண்டும். குரலுக்காக அந்த வேலை மாரிஸுக்குக் கிடைத்தது. "ஒன், டூ" என்று எண்ணினால் பஞ்சாபிகளுக்கு ரத்தம் சூடாகவில்லை. குர்தயாள் தன் அக்கா கல்யாணத்தில் கேட்ட சில பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தார். நீளமாக ஒரு அடி, அதுவரை பிடித்து நிற்க வேண்டும். அடியின் முடிவில் ஒரு "ஹோய்", அப்போது இழுக்க வேண்டும். மாரிஸ் அந்தப் பாட்டுகளை ஜெபம்போல மனப்பாடம் செய்தார்.

அவற்றின் சக்தி வியப்பூட்டியது. எதிர்க் குழுவில் பஞ்சாபிகள் இருந்தால், மாரிஸ் மூன்றாவது அடியைப் பாடும்போதே அவர்கள் தோள் குலுங்கும், முட்டி தளரும், மண்ணில் சரிந்து வருவார்கள். போலீஸ் குழு ஒன்று இப்படி இரண்டு வருஷம் தொடர்ந்து சரிந்தது. பஞ்சாபிகளே இல்லாத குழுவிடம் மட்டும் ரயில்வே தோற்றுப்போகும். இதற்குக் காரணம் மைதானத்து மண் என்று மாரிஸ் கருதினார்.

"குர்தயாள், இது என்ன பாட்டுடா?" என்று ஒருமுறை கேட்டார்.

"கல்யாணப் பாட்டு மச்சான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைப் பத்திச் சொல்றது."

"நல்லதா சொல்லுதா?"

"விவரமா சொல்லும் லா."

அதில் ஒரு பொய்யும் இல்லை.

1979-ல் கயிறு ஒன்று நடுவில் அறுந்து, மாரிஸ் தன் வாழ்நாளிலேயே மிக வேகமாகப் பின்னால் போனார். முதுகு பிடித்துக்கொண்டது. இனி இழுக்கவே கூடாது என்றார் டாக்டர். தோளிலிருந்து கயிறு இறங்கியது. மாரிஸ் கிள்ளான் ஸ்டேஷனில் பார்சல் கவுண்டருக்குப் போனார். கோயிலில் பாட முடியாது, மைதானத்தில் கத்த முடியாது. அவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு, வாழைத்தார்களுக்கும் சைக்கிள் டயர்களுக்கும் ரசீது போட்டுக்கொண்டிருந்தார். கீழ்வானம் இருண்டாலும் மழை பெய்யாத நாள்போல அவர் முகம் இருந்ததாக டொரத்தி பிறகு சொன்னாள். ஆனால் அவள் மனம் மட்டும் இளகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கிள்ளானில் குர்தயாளின் தங்கைக்குக் கல்யாணம். குருத்வாராவில் சடங்கு முடிந்து, பக்கத்து மண்டபத்தில் முந்நூறு பேர் விருந்தில் உட்கார்ந்து பாட்டுக்குக் காத்திருந்தார்கள். ஈப்போவிலிருந்து வர வேண்டிய பாட்டுக் கோஷ்டியின் லோரி வழியில் ரவாங்கில் பழுதாகிப் படுத்துவிட்டது என்று போன் வந்தது. மேடையில் மைக் இருக்கிறது, பாட ஆள் இல்லை. குர்தயாள் தலைப்பாகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி அங்குமிங்கும் நடந்தார். மாரிஸுக்கு நண்பனின் கஷ்டம் பொறுக்கவில்லை. தனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாணப் பாட்டு, நடப்பதோ கல்யாணம். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? யாரையும் கேட்காமல் மேடை ஏறினார்.

மைக்கை ஓரமாக நகர்த்தி வைத்தார். அது அவருக்குத் தேவைப்பட்டதில்லை. பிறகு பாடினார்.

பஞ்சாபில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும், பெண் வீட்டுப் பெண்கள் கூடி நின்று அவர்களை வாய் ஓயக் கிண்டலடித்துப் பாடுவது வழக்கம். நம் பக்கத்தில் சம்பந்தி ஏசல் என்பார்களே, அதன் பெரியம்மா. பெண்கள் மட்டுமே பாடுவது. இங்கே முதல் தடவையாக, நூறு கிலோவைத் தாண்டிய ஒரு கத்தோலிக்கத் தமிழர் கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு அதைப் பாடினார். மாப்பிள்ளையின் மாமா பந்தியில் உட்கார்ந்தால் எருமை எழுந்து இடம் கொடுக்கும் என்றார். ஹோய்! சித்தப்பா மீசையை முறுக்கினால் கொசு சிரிக்கும் என்றார். ஹோய்! அத்தை வாயைத் திறந்தால் கறந்த பால் திரிந்துபோகும் என்றார். ஹோய்!

மண்டபம் உறைந்தது. கரண்டி விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் கரண்டியை வாயிலேயே வைத்திருந்தார்கள். குர்தயாள் ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்தார். தூண் போதவில்லை.

மாப்பிள்ளையின் அத்தை பசந்த் கௌர் எழுந்தார். கிள்ளானில் மாட்டுப் பண்ணை வைத்து, தோட்டத் தமிழர்களுக்கெல்லாம் முப்பது வருஷமாகப் பால் ஊற்றியவர். தமிழ் அவருக்குப் பால்போலத் தண்ணீர்ப்பட்ட பாடு. நேராக மேடைக்கு வந்தார்.

"தம்பி, என் பால் திரிஞ்சிடும்னு உனக்கு எவன் சொன்னான்?"

"ஆன்டி?" மாரிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆன்டி, எனக்கு அர்த்தம் தெரியாது ஆன்டி."

"தெரியாமலே இப்படித் திட்டுறே. தெரிஞ்சா எப்படித் திட்டுவே!" கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "என் கல்யாணத்துல விடிய விடியத் திட்டினாங்க. இப்பெல்லாம் கேக்கு வெட்டுறாங்க, வெல்கம் டிரிங்க் குடுக்கறாங்க. இருபது வருஷமா மரியாதை காட்டியே எங்களை அவமானப்படுத்துறாங்க. இந்தத் தம்பி ஒருத்தன்தான் எங்களை மதிச்சித் திட்டினான்." மறுபடி மாரிஸ் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளையோட அப்பாவை விட்டுட்டியே. அவன் என்ன பாவம் பண்ணான்? பாடு!"

மாரிஸ் மிச்சமிருந்த பாட்டையும் பாடினார்; அதில் அப்பா இருந்தார். அப்பா எழுந்து ஆடினார்.

அர்த்தம் என்ன என்பதைத் திரும்பிப் போகும் ரயிலில் குர்தயாள் சொன்னார். சனிக்கிழமை மாரிஸ் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், பாவத்தைச் சொல்ல மண்டியிட்டார்.

"ஃபாதர், முந்நூறு பேர் முன்னாடி ஒரு குடும்பத்தையே கேவலமாத் திட்டிட்டேன்."

"கோபத்திலா?"

"இல்ல ஃபாதர், ராகத்துல."

"அவர்கள் மனம் புண்பட்டதா?"

"லட்டு கட்டிக் கொடுத்தாங்க ஃபாதர். அடுத்த மாசம் செலாயாங்ல இன்னொரு குடும்பத்தைத் திட்டக் கூப்பிட்டிருக்காங்க."

ஃபாதர் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். செலாயாங் விஷயத்தில் திருச்சபைக்குத் தெளிவான போதனை இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதன்பிறகு மாரிஸ் இல்லாமல் கிள்ளான் பள்ளத்தாக்கில் பஞ்சாபிக் கல்யாணம் களைகட்டவில்லை. அவர் வந்து திட்டினால்தான் சம்பந்தம் பெரிய இடம் என்று ஆயிற்று. "மாரிஸ் வரலையா? அப்ப மாப்பிள்ளை வீட்டுல திட்டற அளவுக்கு ஆள் இல்ல போல" என்று ஜாடை பேசினார்கள். முன்கூட்டியே போன் செய்து, எங்கள் தாய்மாமனுக்குப் பெரிய மூக்கு, அதை விட்டுவிடாதீர்கள் என்று குறிப்புக் கொடுத்தவர்களும் உண்டு. குர்தயாள் மேனேஜர் ஆனார். செந்தூலில் ஒரு கடை மாடியில் கீபோர்டும் தாள இயந்திரமும் வைத்து 1984-ல் முதல் கேசட் வந்தது. அட்டையில் மாரிஸ் கறுப்புக் கண்ணாடியோடு, தோளில் கயிற்றோடு நின்றார். பதிவு செய்யும்போது அவரை மாடிப்படியில் நிறுத்தி, மைக்கை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கேசட்டைக் கொண்டுவந்து டொரத்தியின் கையில் வைத்தார். அவள் அட்டையைத் துடைத்து, ஷோகேஸில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள். வந்தவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினாள்.

"கிள்ளான்ல ஆன்டிங்க நான் பாடினா அழறாங்க டொரத்தி. உன் கொயர்ல மட்டும் இடம் இல்லையா?"

"எங்க கொயர்லயும் உர்சுலா அழுதா. காது வலியில."

அந்தப் பேச்சு அத்தோடு ஆறு வருஷம் மூடப்பட்டது.

1989-ல் சினிமா வந்தது. நாச்சியப்பன் என்ற செட்டியார் வீட்டு வியாபாரி, படம் எடுப்பது என்று முடிவு செய்தார். தமிழ்ப் படம் மெட்ராஸிலிருந்தே வந்து குவிகிறது, மலாய்ப் படத்துக்கு ஆள் இருக்கிறது. மலேசியாவில் பஞ்சாபிப் படம் மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை, போட்டியே இல்லாத துறை என்று கண்டுபிடித்தார். ஏன் போட்டியில்லை என்பதை அவர் ஆராயவில்லை. டைரக்டர் கன்னையாவுக்குப் பஞ்சாபி தெரியாது. கதாநாயகனின் அண்ணனாக, கல்யாணத்தில் பாடி ஆடும் பெரிய வேடத்துக்கு மாரிஸை ஒப்பந்தம் செய்தார்கள்.

பாட்டுப் பதிவன்று மாரிஸ் பாடினார். இயந்திரத்தின் முள் ஒரு பக்கமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. கன்னையா அவரைத் தனியாக அழைத்தார்.

"மாரிஸ் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டை வேற ஒருத்தர் பாடிடுவார். நீங்க வாயசைச்சா போதும்."

"என் பாட்டுக்கு நான் வாயசைக்கறதா?"

"சினிமாவுல எல்லாப் பெரிய ஹீரோவும் வாய்தான் அசைக்கறாங்க அண்ணே."

பேங்கில் வேலை பார்க்கும் ஒல்லியான இளைஞர் ஒருவர் வந்து, தேன் தடவியதுபோல அதைப் பாடிக் கொடுத்துவிட்டு லஞ்ச் டைம் முடிவதற்குள் திரும்பிப் போனார்.

செமினியில் ஒரு ரப்பர் தோட்டத்து ஓரத்தில் படப்பிடிப்பு. ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும், மாரிஸ் வாயை மட்டும் அசைக்க வேண்டும். முதல் டேக்கில் அவருடைய சொந்தக் குரல் கிளம்பி ஒலிபெருக்கியை மூழ்கடித்தது. கூட ஆடியவர்கள் தாளம் தவறி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். இரண்டாவதிலும் அதேதான்.

"அண்ணே, சத்தம் வேணாம் அண்ணே!"

"நான் எங்க போடறேன்? அதுவா வருது!"

நாலு நாள் ஃபிலிம் ஓடியது, நாச்சியப்பனுக்கு வியர்த்து ஓடியது. கடைசியில் மாரிஸே வழி கண்டுபிடித்தார். பாட்டு தொடங்கும் முன் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட வேண்டும். நெஞ்சில் காற்றே இல்லாவிட்டால் குரல் எதில் ஏறி வரும்? காற்றில்லாத வாயை மட்டும் அழகாகத் திறந்து மூடினார். முகம் சிவந்தது, கண்ணில் நீர் தளும்பியது. நடிப்பு பிரமாதம் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

படம் அடுத்த வருஷம் கிள்ளானில் ஒரு தியேட்டரில் வெளியானது. பசந்த் கௌரின் ஆட்கள் பாதித் தியேட்டரை நிரப்பினார்கள். மாரிஸும் டொரத்தியும் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள். பாட்டு வந்தது. திரையில் ஆளுயரத்துக்கு மாரிஸின் வாய். அதிலிருந்து பேங்க்காரரின் தேன். "இது யார் குரல்?" என்று சுற்றிலும் முணுமுணுப்பு. மாரிஸ் நாற்காலியில் சரிந்து, தெரியாமல் இருக்கப் பார்த்தார். அந்த உடம்புக்கு அது சாத்தியப்படவில்லை.

டொரத்தி மட்டும் கண் கொட்டாமல் பார்த்தாள். எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார், எந்த எழுத்துக்கு உதடு குவிகிறது என்று கொயர் மிஸ் கண்ணோடு பார்த்தாள். வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டில் அவர் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, நிஜமாவே சத்தம் வரலையா?"

"துளிகூட இல்ல. சிரிக்காத டொரத்தி, மானம் போகுது."

"நான் சிரிக்கல. பதினஞ்சு வருஷமா உங்களால வாயைத் திறந்துட்டு சும்மா இருக்க முடியாதுன்னு நினைச்சேன்." கொஞ்சம் தயங்கினாள். "இதையே கோயில்ல செய்வீங்களா? செஞ்சா மூணாவது வரிசையில இடம் இருக்கு."

கிள்ளான் பள்ளத்தாக்கின் முன்னணிப் பஞ்சாபிப் பாடகர், கேசட்டுகள் வெளியிட்டவர், திரைப்பட நடிகர். இப்படிப்பட்டவரிடம் கேட்கிற கேள்வியா இது? மாரிஸ் ஒரு நிமிஷம் யோசித்ததாகக் காட்டிக்கொண்டார்.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு பிராக்டிஸ்?"

அன்றிலிருந்து மூன்றாவது வரிசையில் மாரிஸ் நின்றார். ஞாயிறுதோறும் மூச்சை வெளியே விட்டுவிட்டு, டொரத்தியின் கை எழும்போது வாயைத் திறந்தார், இறங்கும்போது மூடினார். மனைவியின் கண் அவரைத் தொடும்போதெல்லாம் ஒரு புன்னகை கிடைத்தது. அவ்வளவு சந்தோஷமாக எந்த ஊமையும் பாடியதில்லை.

கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கு, மாரிஸ் கோயிலில் பாடுகிறாராம் என்று கேள்விப்பட்டு, பசந்த் கௌர் ஒரு வேன் நிறைய ஆன்டிகளோடு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. மாரிஸின் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பசந்த் கௌர் காதைத் தீட்டிப் பார்த்தார், இடம் மாறி உட்கார்ந்து பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் மலாயும் தமிழுமாகப் பரிதாபப்பட்டார். மாடுகளை மேய்த்துப் பழகிய குரல் என்பதால் அது கோயில் முழுவதும் கேட்டது.

"காசியான்! பாவம் லா. தொண்டை போயிருச்சு. வாய் மட்டும்தான் ஆடுது. பெரிய ஆளு, இப்படி ஆயிட்டான்."

ஆன்டிகள் உச்சுக் கொட்டினார்கள். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தார்கள். மூன்றாவது வரிசையில் மாரிஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அவர் மூச்சை விட்டுவிட்டே நின்றார்.

டொரத்திக்குத்தான் சுருக்கென்றது. தன் புருஷன் சத்தம் போடுகிறார் என்று அவள் சொல்லலாம். அவருக்குத் தொண்டை போய்விட்டது என்று ஊரார் பரிதாபப்படுவதா? பீடத்தில் ஃபாதர் நீண்ட ஜெபத்தை முடித்துக் கிண்ணத்தை உயர்த்தினார். அடுத்து, பூசையிலேயே பெரிய ஆமென். டொரத்தி பதினாறு பேரையும் பார்த்து இடது கையால் அமர்த்தினாள். வலது கையை உயர்த்தி, ஒரே ஒரு விரலை மூன்றாவது வரிசைக்கு நீட்டினாள்.

மாரிஸ் நம்பாமல் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார். விரல் அசையவில்லை. அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"ஆமென்" என்றார்.

மேலே மின்விசிறிகள் ஆடின. கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசுவின் பக்கத்தில் நின்ற அட்டை ஆடு ஒன்று சாய்ந்தது. கடைசிப் பெஞ்சில் பசந்த் கௌர் முழங்காலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, இருக்குது லா, இருக்குது என்றார். ஃபாதர் கிண்ணத்தை உயர்த்தியபடியே, அது முடிவதற்காகக் காத்திருந்தார்.

கொயர் மிஸ்ஸின் கை இறங்கினால்தான் பாட்டு முடியும். டொரத்தி கையை இறக்கவில்லை.